நீ எடுத்த மஞ்சள் லொறி

மச்சான்,

உன்னுடைய குளிர் ஜக்கெட்டை யாருக்காவது கொடுக்கலாமென்று இன்று எடுத்தேன். உள்பையில் அந்த மஞ்சள் லொறி இருந்தது. விரல் நீளம்தான், ஒரு சில்லு கழன்றிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நீ அதை எடுத்த அன்றைக்கு உன்னை வற்புறுத்திக் கூட்டிப்போனதும் இவள்தான். "சென்ட் லோரன்ட் அறையிலை தனியக் கிடந்து என்ன செய்யப் போறியள் மாமா, வாங்கோ" என்றாள். அஹுன்ட்சிக் பக்கத்துப் பூங்காவில் யாரோ ஒளித்துவைத்த பெட்டியை, போன் காட்டும் வழியில் போய்த் தேடிப் பிடிக்கவேண்டும். அதுதான் விளையாட்டு.

"ஒளிச்சவனைக் கேட்டால் எடுத்துத் தருவான்தானே, எங்களை ஏன் அலைக்கிறான்?" என்று நீ கேட்க, மருமகன்கூடச் சிரித்தார்.

நிலம் தெரியாமல் இலை கொட்டிக் கிடந்தது. நீ மட்டும் பாதையை விட்டு இறங்கவில்லை. "சப்பாத்து ஊத்தையாப் போயிடுமோ மாப்பிள்ளை?" என்று உன்னை நையாண்டி பண்ணினேன். நீ பாதையின் நடுவிலேயே நடந்தாய்.

பேத்திதான் முதலில் கண்டாள். விழுந்த மரத்துக்கடியில், இலைக்குள் பாதி புதைந்து, ஆமிக்காரரின் பச்சை நிறத்தில் ஒரு தகரப்பெட்டி. கையை நீட்டினாள்.

"தொடாதை பிள்ளை."

உனக்குள் அப்படியொரு குரல் இருந்ததை நான் அறியேன். இலைக்குள் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தாய். அவள் விழுந்து அழுதாள். மருமகனின் முகம் கறுத்துப்போனது. நீ யாரையும் பார்க்கவில்லை.

"நான் திறக்கிறன். எல்லாரும் தள்ளி நில்லுங்கோ."

பெட்டிக்குள் விசில், மாபிள், சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டுமென்று பேத்தி விம்மலோடு சொன்னாள். நீ லொறியை எடுத்துக்கொண்டு, உன் சட்டைப்பைச் சீப்பை வைத்தாய்.

கலவரத்தோடு ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். நீ சண்டையெல்லாம் முடிந்தபிறகு வந்தவன். மகன் வன்னியில் செத்தான் என்று மட்டும் சொல்லியிருந்தாய். எப்படியென்று நான் கேட்டதில்லை. திரும்பும்போது காரின் பின் இருக்கையில், பேத்தி நித்திரையானபிறகு, என் காதோடு சொன்னாய்.

"ஏழு வயசு மச்சான். அவனும் விளையாட்டுச் சாமான் எண்டுதான் எடுத்தவன், வெடிச்சுப்போச்சு. நான் பக்கத்திலைதான் விறகு பொறுக்கிக்கொண்டு நிண்டனான்."

இந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணி குடித்துவந்தாள். அவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் "பேந்து பாப்பம்" என்று தட்டிக்கழித்தாய். தை மாதப் பனியில் அறைக் கதவை உடைத்துத்தான் உன் உடலை வெளியே எடுத்தோம்.

போன கிழமை அதே பூங்காவுக்குப் போனோம். பேத்தி வேறொரு பெட்டியைக் கண்டாள். நீட்டிய கையை நடுவில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான்தான் திறந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

லொறியை நீ எடுத்த பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிடுவோமா என்று மகள் கேட்கிறாள். வேண்டாமென்றேன். பற்றைக்குள் கிடந்து ஒரு பிள்ளையின் கைக்கு அது போகவேண்டாம். என் சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.