சென்னையில் விற்றுப்போன முகூர்த்தப் புடவை

12-8-2005, வெள்ளி

அக்கா கல்யாணத்துக்கென்று அப்பா நெய்த புடவையை இன்று, நெய்யப் பட்டு கொடுக்கும் முதலாளியின் ஆள் வாங்கிப் போய்விட்டார். தறியில் ஏற்றும் ஒரு பாவு நூலில் மூன்று புடவை. கடைசியை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி வாயால் சொல்லியிருந்தார். ஆனால் பாவு கொடுத்த அன்றே மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். போன மாதம் அதைச் சென்னைக் கடையின் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். மூன்றும் விற்பனைக்கு என்று அது தானாகவே கணக்கை அனுப்ப, அங்கே மூன்றையும் விற்றுவிட்டார்கள்.

"முதலாளி சொன்னாரேப்பா?" என்றார் அப்பா.

"அவரே பேஜாராயி உக்காந்துகினு இருக்காருண்ணே. இன்னா பண்றது, அங்க காசு வாங்கிட்டாங்களாம்" என்றார் வந்த ஆள்.

அக்காதான் சரிகை உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்தாள். "வுடுங்கப்பா, கடையில எடுத்துக்கலாம்."

ஆவணி பிறக்கப்போகிறது, பிறந்ததும் கல்யாணம். இனி நெய்ய நாளும் இல்லை, பட்டும் இல்லை. அப்பா இன்னும் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை.