முதலில் குழாய் வைத்தவர்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே. "காது மூக்கு தொண்டை ஏற்கெனவே படிச்சாச்சு, அதுல குழந்தைக்குன்னு தனியா ஒரு வருஷமா? பெரியவங்களச் சின்னதாக்கினா குழந்தை, அவ்வளவுதான்" என்றீர்கள். அதை எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். தினமும் பார்த்துக் கோபப்பட்டுவிட்டுப் போனால் வேலை நன்றாக ஓடுகிறது.

இங்கே தொண்டைக்குள் பார்க்கும் கருவியை நர்ஸ் பூட்டித் தரமாட்டார். நாமே பூட்டி, விளக்கைச் சரிபார்த்து, ஒரு அளவு சின்னதையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் மயக்க மருந்து டாக்டர் குழந்தையைத் தூங்கவைப்பார். முதல் வாரம் சின்னதை எடுக்க மறந்து எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன்.

இன்னொரு வழக்கம். மூச்சுவிடக் கழுத்தில் துளைபோட்டு வைத்த குழாயோடு வெளியிலிருந்து வரும் குழந்தையின் விவரத்தை, பெரிய டாக்டரம்மா நடத்தும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பயிற்சி டாக்டர் எழுந்து படிக்க வேண்டும். முதல் வரி, "முதலில் குழாய் வைத்தவர்". பெயரோடு.

யாரோ சொன்னதைக் கேட்டு நேற்று ஏழு வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். குழாய் வழியே மூச்சு சீட்டியடிக்கிறது, வார்டில் அதற்குள் 'விசில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரல் இல்லை. அம்மாவைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். அவர்கள் கொண்டுவந்த ஃபைலைத் திறந்தேன். கையெழுத்து உங்களுடையது.

உள்ளே பார்த்தோம் அப்பா. குழாயை மேலே தள்ளி வைத்திருக்கிறீர்கள். குரல்வளைக்குக் கீழே மோதிரம்போல் இருக்கிற குருத்தெலும்பு அறுபட்டு, தழும்பு கட்டி, வழி ஊசிமுனையளவுதான் மிச்சம். இதைச் சரிசெய்ய முடியும். உங்கள் ஃபைலிலோ ஐந்து வருஷமாக ஒரே வரி: "ஆயுசுக்கும் குழாய்". ஒரு தடவையாவது உள்ளே பார்த்தீர்களா?

உங்கள்
வாயாடி

ஜூன் 11

வாயாடிக்கு,

போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குழந்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது இரண்டு வயது. தொண்டை வீங்கி, உதடு நீலமாகி, தாய் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக நேரமில்லை. என் மேசையிலிருந்த காகிதங்களைத் தள்ளிவிட்டு, அங்கேயே படுக்கவைத்து வெட்டினேன். உங்கள் பெரிய டாக்டரம்மா எட்டு விளக்குக்குக் கீழே நின்று அளந்து பார்க்கட்டும். அன்றைக்கு நான் தயங்கியிருந்தால் இன்றைக்கு உனக்குக் கேஸே இல்லை.

குழந்தை அளவில் உள்ளே பார்க்கும் கருவி என்னிடம் கிடையாது. இல்லாததை வைத்து எதைப் பார்ப்பது?

முப்பத்தொரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி வாசலில் என் பெயர்ப் பலகை தொங்குகிறது. பெற்ற மகளே அதை ஒரு கூட்டத்தில் எழுந்து படிக்க வேண்டுமா? "விவரம் கிடைக்கவில்லை" என்று போட்டுவிடு. எத்தனையோ பேர் அப்படித்தான் போடுகிறார்கள்.

அம்மா உன் துணிமணியெல்லாம் போதுமா என்று கேட்கிறாள்.

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்துவிட்டேன். பெயரோடு. "இவர் என் அப்பா" என்றும் சொன்னேன்.

பெரிய டாக்டரம்மா முதலில் கேட்டது, மேசைமேல் தனியாளாக வெட்டியா பிழைக்கவைத்தார் என்று. ஆமாம் என்றேன். கெட்டிக்காரர் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து, "அப்புறம் ஏன் எங்கயும் அனுப்பல?" என்றார். உங்களிடம் கருவி இல்லை, சரி. இங்கே ஒரு கடிதம் போடத் தபால்தலையுமா இல்லை?

குழாய் மேலே இருப்பதை விசிலின் தாயிடம் சொல்லியாயிற்று. அவள், "அவரு எங்களுக்குத் தெய்வம், அவரு பாத்துச் சொன்னதுன்னு இருந்துட்டோம்" என்றாள். நான் உங்கள் மகள் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் பார்க்காமலே சொன்னீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வேலை.

துணி போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாயாடி

ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, எழுதுகிறேன்.

விசிலின் விலாவிலிருந்து ஒரு சின்னக் குருத்தெலும்புத் துண்டு எடுத்து வைத்து வழியை அகலமாக்கினோம். ஒன்பது தையலில் ஐந்து நான் போட்டது. வியாழக்கிழமை குழாயை எடுத்தாயிற்று. கரகரத்த குரலில் அவள் சொன்ன முதல் வார்த்தை "தண்ணி". தாய் அழுத அழுகையில் தண்ணீர் கொடுக்கவே மறந்துவிட்டாள். விசில் மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை அதட்டி.

திங்கட்கிழமை திரும்புகிறார்கள். நேராக உங்களிடம்தான் வருவார்களாம், நன்றி சொல்ல. வாங்கிக்கொள்ளுங்கள், அந்த உயிர் நீங்கள் கொடுத்தது. ஆனால் நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே எனக்கென்று இடம் விட்டிருக்கிறீர்களே, அதை அழித்துவிடுங்கள். நான் அங்கே வரமாட்டேன். உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வாயாடி

ஆகஸ்ட் 6

வாயாடிக்கு,

வந்தார்கள். தாய் நன்றி சொல்ல வாயெடுத்தாள். முதலில் உட்காரச் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மேலே வைத்தது அவசரத்தில் நடந்த தவறு. ஐந்து வருஷம் உள்ளே பார்க்காமல், பார்க்கத் தெரிந்தவர்களிடம் அனுப்பாமல், ஆயுசுக்கும் குழாய் என்று எழுதியதில் எந்த அவசரமும் இல்லை. அனுப்பினால் என் வெட்டு நாலு பேருக்குத் தெரிந்துவிடும், அதுதான் காரணம். அதையும் சொன்னேன்.

தாய் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கேட்டது விசில்தான்.

"பாக்காமலேயா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"தப்பு" என்றாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாயிற்று. பலகையில் எதையும் அழிக்கவும் மாட்டேன், வருவதும் வராததும் உன் இஷ்டம்.

பழைய ஃபைல்களைப் புரட்டினேன். இன்னும் நான்கு குழந்தைகள் குழாயோடு இருக்கிறார்கள். நான்கு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் அங்கே வருவார்கள். முதல் வரியை நீ நிரப்ப வேண்டாம், என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சத்தமாகப் படி.

அப்பா