உயிர்ச் சான்று

அக்டோபர் 27, காலை 8.10
வழக்கமான பதிவு

ஏற்காடு காப்பு நிலையம். பணியில் இருப்பது பொற்கொடி, இளநிலைப் பொறியாளர். உடன் இருந்த இருவரும் நேற்று மலை இறங்கிவிட்டார்கள். மாற்று ஆள் நாளை வருவார். இந்தப் பதிவு அவருக்காக.

மழை விடவில்லை. குளிரூட்டி சரி. பேருந்து நிலையங்களில் படம் எடுத்து அச்சிட்டுத் தரும் மாவட்டப் படப்பெட்டிகள் எல்லாவற்றுக்கும் காலைச் சோதனைத் தாளை அனுப்பினேன். எல்லாம் அச்சிட்டன. சோதனைத் தாளில் சிரிக்கும் அந்த விளம்பரப் பெண்ணின் கன்னம் ஆத்தூர் பெட்டியில் மட்டும் கொஞ்சம் பச்சையாக வருகிறது. மை மாற்ற வேண்டும்.

மேட்டூர் பேருந்து நிலையப் பெட்டியில் படத்தாள் தீர்ந்துவிட்டது. நேற்று பணம் கட்டிய சிலருக்கு, நாளை மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லித் திரையில் செய்தி போட்டிருக்கிறேன்.

காப்பான் சீராக இயங்குகிறது. புதிதாக வருபவருக்கு ஒரு வரி: காப்பான் என்பது பாதுகாப்பு நிரல். பெட்டியில் படம் எடுக்க யாரும் பெயரோ கைப்பேசி எண்ணோ தருவதில்லை. முகம்தான் பூட்டு, முகம்தான் சாவி. அவரவர் படம் அவரவர் முகத்துக்கு மட்டும் திறக்கும். எங்களாலும் காப்பானை மீற முடியாது. அதுதான் நிறுவனத்தின் பெருமை.

அக்டோபர் 27, காலை 11.35
உதவி அழைப்பு, ஆத்தூர்

பெட்டிகளில் உதவிப் பொத்தானை யாராவது அழுத்தினால்தான் என் குரல் அங்கே போகும். யாரும் அழுத்தாத நாள் எனக்கு நல்ல நாள். இன்று அழுத்தினார்கள்.

திரையில் இரண்டு ஆண்கள். ஒருவர் இளைஞர், மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. மற்றவர் மூத்தவர், அவருடைய தாய்மாமன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வந்திருந்தார்கள்.

“மேடம், செத்த தேதி போடாம பிரிண்ட் வருமுங்களா?”

“தேதி கட்டாயம் சார்.”

“இன்னைக்குத் தேதியே போட்டு உடு லோகநாதா. நம்மளப் பொறுத்த வரைக்கும் இன்னைக்குத்தான்.”

“சரி மேடம், இருபத்தேழுன்னே போட்டுக்கறோம்.”

படம் ஒரு பள்ளி மாணவி. இரட்டைச் சடை. படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்டாள். பெயர் கோகிலவாணி. பிறந்த ஆண்டைப் பார்த்தால் இப்போது இருபத்திரண்டு வயது.

சாவு வீட்டிலிருந்து வருபவர்களை இங்கிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தை இன்னும் தெளிவாக்க முடியுமா, சிரிக்கிற படம் வேண்டுமே என்று கெஞ்சுவார்கள். கண் மூடிய படத்தை யாரும் கொடுத்ததில்லை. இவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அக்டோபர் 27, மதியம் 12.05
வாரிசுத் திறப்பு

காப்பானின் செய்தியை அப்படியே எழுதுகிறேன்.

“அஞ்சலி அச்சு பதிவானது. இரு இரத்த உறவுகளின் முகங்கள் பொருந்தின. மறைந்தவரின் பூட்டு வாரிசுகளுக்குத் திறக்கப்பட்டது. எங்கள் ஆழ்ந்த இரங்கல்.”

இறந்தவர்களின் பூட்டு யாருக்கும் திறக்காமல் போய், அம்மாவின் ஒரு படம்கூட இல்லாமல் அழுதவர்கள் உண்டு. அதற்காக வந்த விதி இது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் சான்றிதழுக்கு அலைய மாட்டார்கள் என்பதால், முகச்சாயல் பொருந்தும் இரண்டு உறவினர்கள் அஞ்சலிச் சுவரொட்டி அச்சிட்டால் போதும் என்று வைத்தார்கள். நல்ல மனதோடு வைத்த விதிதான்.

வாரிசுகள் மட்டும் கைப்பேசி எண் தர வேண்டும், இருவரும் தந்தார்கள். கோகிலவாணியின் பூட்டில் இருந்த படங்கள் அனைத்தும் லோகநாதனின் கைப்பேசிக்குப் போய்விட்டன. வாரிசுகளுக்குத் திறந்த பூட்டு எங்கள் திரையிலும் தெரியும். கடைசியாகச் சேர்ந்த படங்களைப் பார்த்தேன். நேற்று மாலை, மேட்டூர். ஓர் இளைஞனோடு தோள் ஒட்டி நிற்கிறாள். பதிவுத் திருமணத்துக்கான கூட்டுப் படம். தாள் இல்லாததால் அச்சாகவில்லை. அச்சிடக் கைப்பேசியிலிருந்து ஏற்றிய இன்னொன்றில் இருவரும் ஒரு நீல இரும்புக் கதவின் முன் நிற்கிறார்கள். கதவில் எண் தெரிகிறது. பின்னால் அனல் மின்நிலையப் புகைபோக்கி.

நேற்று மாலை உயிரோடு இருந்தவள். இன்று காலை சுவரொட்டி.

என்னோடு பிளஸ் டூ படித்த ஒருத்திக்கு எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். அடுத்த மாதம் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். செத்தவள் என்னிடம், பை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லித் துணியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சுவரொட்டி வெறும் சுவரொட்டிதான். அதனால் எந்தக் கதவும் திறக்கவில்லை. இது திறந்துவிட்டது.

அக்டோபர் 27, பிற்பகல் 2.40
தலைமையகத்துக்கு அழைப்பு

மேலாளர் கிஷோரிடம் பேசுவதற்கு முன் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பாதிதான் சொல்ல முடிந்தது.

“ரெண்டு பேர் முகமும் பொருந்திச்சா, பொற்கொடி?”

“பொருந்துச்சு கிஷோர் சார். ஆனா அந்தப் பொண்ணு உயிரோட இருக்கு.”

“உயிரோட இருக்கற பொண்ணுக்கு எவன்மா போஸ்டர் அடிப்பான்?”

“எங்க ஊர்ப் பக்கம் அடிப்பாங்க சார்.”

சிரித்தார். கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

“சரி, அப்படியே இருந்தாலும் உயிர்ச் சான்று இருக்குல்ல? பெட்டி முன்னாடி வந்து நின்னு முகத்தக் காட்டட்டும். பென்ஷன்காரங்க வருஷா வருஷம் காட்டலையா? நீ காப்பான்ல கை வைக்காத. வேலை போயிடும்.”

“சரி சார்.”

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதலில் மாதச் சம்பளம் வாங்குபவளும் நான்தான். “சரி சார்” என்பது என் வாயில் தானாக வரும்.

ஆனால் அவர் சொன்னதில் வழி இருக்கிறது. அவள் முகம் காட்டினால் வாரிசுத் திறப்பு மூடிவிடும் என்று விதியில் இருக்கிறது. அவளுடைய எண் நம்மிடம் இல்லை. படம் எடுப்பவர் யாருடைய எண்ணையும் நாம் வைத்துக்கொள்வதில்லை. நாளை மதியம் படம் வாங்க மேட்டூர் பெட்டிக்கு வருவாள். அப்போதுதான் பிடிக்க முடியும். அவள் முகத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு செய்தி போட்டேன்: “தயவுசெய்து உதவிப் பொத்தானை அழுத்தவும்.”

அவசர எண்ணுக்கும் அழைத்தேன். நீலக் கதவின் எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். “பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்றோம்மா. நீங்க யாரு, பொண்ணுக்குச் சொந்தமா?” என்றார்கள். இல்லை என்றேன்.

அக்டோபர் 28, காலை 9.20

கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்துவிட்டது. சாலை இல்லை. மாற்று ஆள் வர மாட்டார். அவர் அழைத்து அதைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் போய்விட்டது. நம்முடைய பெட்டித் தடம் மட்டும் வேலை செய்கிறது. இங்கிருந்து வெளியே பேச வேண்டுமானால் பெட்டிகள் வழியாகத்தான், அதுவும் யாராவது பொத்தானை அழுத்தினால்.

சோதனைத் தாளை அனுப்பினேன். ஆத்தூரில் கன்னம் இன்னும் பச்சை.

லோகநாதனின் கைப்பேசி அந்தப் படங்களை நேற்றிலிருந்து மீண்டும் மீண்டும் திறந்திருக்கிறது. அதிகம் திறந்தது நீலக் கதவுப் படம். காலையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான்.

அக்டோபர் 28, பிற்பகல் 3.15
உதவி அழைப்பு, மேட்டூர்

வந்தாள். மஞ்சள் சுடிதார், கையில் நனைந்த குடை, இரண்டு கைகளிலும் சிவப்புக் கண்ணாடி வளையல்.

“அக்கா, பட்டனை அழுத்தச் சொல்லி வருது. தாள் இன்னும் வரலீங்களா?”

“வந்திருச்சு. நீங்க கோகிலவாணிதானே? தனியாவா வந்தீங்க?”

“அவரு டீ வாங்கப் போயிருக்காரு. ஏன்க்கா?”

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்படியே சொன்னேன். “உங்க வீட்டுல உங்களுக்குப் போஸ்டர் அடிச்சிருக்காங்க.”

குடையில் இருந்த நீரை உதறினாள். பிறகு சிரித்தாள்.

“கண்ணீர் அஞ்சலியா? எந்தப் படம்க்கா போட்டாங்க? ரெட்ட ஜடையா? ஐயோ, அதுல நான் கண்ண மூடியிருப்பனே! எங்கண்ணனுக்கு வேற படமே கெடைக்கலியா? போகட்டும்க்கா. செத்துட்டேன்னு நெனச்சுட்டா நிம்மதியா உட்டுருவாங்கல்ல? நாளன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போறோம்.”

“உங்க படமெல்லாம் அவங்க கைக்குப் போயிருச்சு.”

“எல்லாமா? கதவுகிட்ட எடுத்ததுமா?”

“அதுவும்.”

சிரிப்பு நின்றது. வளையல் சத்தம் கேட்டது. “நான் இப்ப என்னக்கா பண்ணட்டும்?”

“கேமராவப் பாருங்க. ரெண்டு தடவை கண்ணச் சிமிட்டுங்க. பூட்டு மூடிரும். அப்புறம் அந்த வீட்டுக்குப் போகாதீங்க.”

பார்த்தாள். சிமிட்டினாள்.

அக்டோபர் 28, பிற்பகல் 3.22

காப்பானின் செய்தி:

“மறைந்தவரின் முகத்தோடு ஒருவர் மேட்டூர்ப் பெட்டியில் இருக்கிறார். ஆள்மாறாட்டமாக இருக்கலாம். இவருடைய நேரடிப் படமும் இடமும் வாரிசுகளுக்கு அனுப்பப்பட்டன. வாரிசுகளிடம் கேட்கப்பட்டது: இவர் உயிருடன் இருக்கிறாரா?”

இந்தக் கேள்வி விதிப் புத்தகத்தில் இல்லை. இறந்தவர்களின் படங்களைத் திருட யாராவது அவர்கள் முகத்தைப் பூசிக்கொண்டு வரக்கூடும் என்பதால் காப்பானே சேர்த்துக்கொண்டிருக்கிறது. பாதுகாப்புக்காக.

பதில் உடனே வந்தது. லோகநாதன், தாய்மாமன், இருவரும் ஒரே பதில்.

“இல்லை.”

“உயிர்ச் சான்று மறுக்கப்பட்டது. வாரிசுகளின் ஒத்துழைப்புக்கு நன்றி.”

நான் ஒலிவாங்கியில் கத்தினேன். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் எழும்பாது. கத்தினேன். “ஓடுங்க, அவரக் கூட்டிட்டு ஓடுங்க, கூட்டமா இருக்கற எடத்துக்குப் போங்க!” குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போன பிறகு பெட்டி கூட்டுப் படத்தை அச்சிட்டது. தட்டில் கிடக்கிறது. இருவரும் நேராகப் பார்க்கிறார்கள். யாரும் எடுக்க வரவில்லை.

அக்டோபர் 28, மாலை 4.50

நான்தான் அவளைக் கேமரா முன் நிற்க வைத்தேன்.

மேட்டூர்க் கேமராவில் அந்த இளைஞன் வந்தான். கையில் இரண்டு டீக் கோப்பைகள். குடையைப் பார்த்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பொத்தானை அழுத்து என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் அங்கே போகாது என்று தெரிந்தும் சொன்னேன். டீயை வைத்துவிட்டு ஓடினான்.

அக்டோபர் 28, மாலை 6.30
உதவி அழைப்பு, ஓமலூர்

லோகநாதன். இந்த முறை சட்டைக் கை கிழிந்திருக்கிறது. புறங்கையில் நகக் கீறல்.

“மேடம், நேத்து ஆத்தூர்ல ஒரு போஸ்டர் போட்டனுங்க. அதுல தேதி மட்டும் மாத்தணும்.”

“என்ன தேதி சார்?”

“இருபத்தொம்பது. நாளைக்கு. மாமா சொல்றாரு, தேதி தப்பா இருந்தா திதி குடுக்கறப்பக் கொழப்பம் வருமுன்னு.”

அவனுக்குப் பின்னால், பேருந்து நிலைய விளக்கடியில், ஒரு வெள்ளை வண்டி. முன் இருக்கையில் தாய்மாமன். பின் கண்ணாடி கறுப்பு. அதில் உள்ளிருந்து ஒரு கை அழுந்தியிருக்கிறது. சிவப்பு வளையல். கை அசைந்தது.

நாளைத் தேதி. அப்படியானால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

நான் கத்தவில்லை. கத்தினால் கிளம்பிவிடுவான். எப்போதும் பேசுகிற அதே சின்னக் குரலில் சொன்னேன். “செய்யலாம் சார். ஆனா மெஷின் சூடாயிருக்கு. கொஞ்ச நேரம் ஆகும். அப்படியே நில்லுங்க சார், வரிசை போயிரும்.”

“சீக்கிரம் மேடம். ஒட்டற பசங்க காத்துட்டு இருக்கறாங்க.”

“சரி சார்.”

நிற்கிறான்.

அக்டோபர் 28, மாலை 6.36
சோதனைத் தாள்

இனி இது மாற்று ஆளுக்கான பதிவு இல்லை. உங்களுக்கு. நீங்கள் யாரென்று தெரியாது. பேருந்துக்கு நிற்கும்போது பக்கத்துப் படப்பெட்டி தானாக ஓடித் தாளைத் தள்ளியிருக்கும். எடுத்திருப்பீர்கள்.

சோதனைத் தாளில் என்ன இருக்கிறது என்று காப்பான் பார்ப்பதில்லை. சிரிக்கும் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, நேற்றிலிருந்து நான் எழுதிய எல்லாவற்றையும் வைத்து மாவட்டத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்புகிறேன். ஓமலூர் பெட்டிக்கு மட்டும் கடைசியில். அவன் அதன் முன்னால்தான் நிற்கிறான்.

கோகிலவாணியின் படத்தை இதில் போடவில்லை. அவளைக் கேட்காமல் அவள் படம் போனது ஒரு முறை போதும். கீழே, ஓமலூர்க் கேமரா எடுத்த படத்தில் இருப்பவன் லோகநாதன். பக்கத்தில் இருப்பது வண்டி. எண்ணில் கடைசி இரண்டு, நான்கும் ஏழும், தெரிகின்றன.

காப்பான் எச்சரிக்கிறது: “சோதனைத் தாள் அளவு மிஞ்சுகிறது. அச்சு நிறுத்தப்படும்.”

அவன் திரையைத் தட்டுகிறான். மாமா வண்டியிலிருந்து கூப்பிடுகிறார். போகப்போகிறார்கள். சேலம் பக்கமா தருமபுரி பக்கமா தெரியாது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அந்தப் பக்கம் பாருங்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், பேருந்து ஓட்டுநர்களுக்குச் சொல்லுங்கள், வண்டியை மறியுங்கள். அண்ணன் தங்கச்சி விவகாரம் என்பான். விடாதீர்கள். செத்துப்போனவள் என்பான், சுவரொட்டியைக் காட்டுவான். நம்பாதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் அந்தக் கை இன்னும் இருக்கிறது, வளையல் அசைகிறது, அவள் உயிருடன்