அச்சில் வராத மூச்சுக்குறிகள்

என் பிரியமான அண்ணா,

உன் லேப்டாப்பை நேற்று நான்தான் திறந்தேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கிளாரினெட் இடத்துக்குக் குமாரபாளையத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். விசைத்தறி வைத்திருப்பவர், நல்ல வாசிப்பு. கல்யாண வரவேற்புக்கென்று நீ கடைசியாக ஒரு பாட்டை எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து, நம் குழுவில் ஐந்து பேருக்கும் அச்செடுத்துக் கொடுத்தாயே, அந்த நோட்டைத்தான் போன வாரம் அவர் முன்னால் வைத்தோம். பாதியில் நிறுத்திவிட்டார்.

“ஏனுங்க, பாட்டு மேல ஏறுற எடத்துல நானு எதுக்குங்க அடங்கிப் போகோணும்? வயலினுக்கு மட்டும் சத்தமா வாசிக்கச் சொல்லிப் போட்டிருக்குதுங்களே?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த இடம் நீ எனக்குக் கொடுத்த சீதனம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? தங்கச்சி வயலின் தனியாகக் கேட்கட்டும் என்று நீயே ஒதுங்கிக்கொண்டதாகத் திருச்செங்கோடு முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன்.

சரி, அவர் கேட்பதும் நியாயம்தான், குறிகளை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த மென்பொருள் உனக்கு வளைந்த மாதிரி எனக்கு வளையவில்லை. சத்தத்தைக் குறைக்கும் குறியைப் பிடித்து இழுத்தால் கண்ணுக்கு நகர்ந்தது. போட்டுக் கேட்டால் சத்தம் பழைய இடத்திலேயே குறைந்தது. எரிச்சலில் எதையோ தேடி எதையோ அமுக்கினேன். மறைத்து வைத்ததையெல்லாம் காட்டும் பட்டன் போலிருக்கிறது. உன் கிளாரினெட் வரிசை நெடுகச் சாம்பல் நிறத்தில் மூச்சுக்குறிகள் வந்து நின்றன.

திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராது. முதல் பக்கத்தில் நாலு தாளக் கட்டத்துக்கு ஒன்று. பாட்டு ஏறும் இடத்தில் ஒரு கட்டத்துக்கே இரண்டு. நீ மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே, என் வயலின் ஏற வேண்டும் என்று ஒரு குறி. உன் இளைப்பு வெளியே கேட்காமல் இருக்கத்தான் எனக்கு அந்தச் சத்தம். எத்தனை நாள் உட்கார்ந்து இதையெல்லாம் போட்டாய்?

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறைத்தூசி குடித்த நெஞ்சு என்று டாக்டர் சொன்னது, நீ இருந்த கடைசி மாதத்தில்தான் எங்களுக்குத் தெரியும். நாமக்கல் மண்டபத்துச் சண்டை அதற்கு முன்னால். மேடையை விட்டு இறங்கியதும், உன் ஊதல் கேட்கவேயில்லை என்று எல்லார் முன்னாலும் கத்தினேனே: “தூங்கவாண்ணா வந்தோம்? வாயில வெச்சா ஊதோணுமில்ல!”

“அடுத்த தடவ ஊதறேன் சாமி” என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயலினைப் பெட்டியில் வைத்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை அண்ணா.

அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? இந்த வாயிடம் யார்தான் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டாயா?

அந்தக் குறிகளை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அண்ணியிடம் காட்டினேன்.

“மாத்திரு அம்மிணி. அவரு பட்ட செரமத்த இவரு எதுக்குப் படோணும்?”

மாற்றிவிட்டேன். பழைய சத்தக்குறிகளை அழித்து, சரியான ஸ்வரத்தின் மேல் புதிதாகப் போட்டேன். கிளாரினெட்டை ஏற்றி, என்னை இறக்கி, மூச்சுக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இன்று ஒத்திகையில் அவர் அந்த இடத்தை ஊதினார். இவ்வளவு அழகான பாட்டா அது! எழுதியவன் நீ, ஒரு தடவைகூட உன்னால் இப்படி ஊத முடியவில்லையே. எனக்கு வில் ஓடவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். இனி நம் குழுவில் யாருடைய வாசிப்பு குறைந்தாலும் கத்த மாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, உடம்புக்கு என்ன என்று கேட்பேன். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

நாமக்கல்லில் உன்னிடம் அதைக் கேட்காத தங்கை,
அம்மிணி