தனிநடிப்பில் என் சண்டை

வாலு,

சாவி ஜன்னலோரம். சோறு குக்கரில். சாப்பிடாமல் மேடையேறி மயங்கி விழாதே.

விடியற்காலையில் என் குரலே தூக்கத்துக்குள் மிதந்து வந்தது: "இந்த வீட்ல ஒருத்தியாவது டிகிரி வாங்கணும்ப்பா, நான் காலேஜுக்குப் போகத்தான் போறேன்!" கண் திறந்தால், நீ சுவரைப் பார்த்து ஒத்திகை. வலப்பக்கம் திரும்பினால் அப்பா, இடப்பக்கம் திரும்பினால் நான். அரையிருட்டில் இருவரும் உன் முகத்தில் வந்து வந்து போனோம்.

வீட்டுச் சண்டையை மேடையேற்றாதே என்று நேற்று கத்தினேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். தனிநடிப்புப் போட்டிக்குப் போ, அதையே நடி.

அக்கா

பி.கு.: அன்றைக்கு அப்பாவிடம் கத்தி முடித்ததும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். உனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துக்கொள்.