எண்ணெய் பட்ட பிரேக் டிரம்

சிரஞ்சீவி பூமிநாதனுக்கு,

பிரேக் டிரம்களைக் காரில் மாட்டிவிடாதே. துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் பூச ஆயத்தமாக வைத்திருந்தாய். கடற்காற்றில் மறுபடியும் துரு ஏறுமே என்று, அரிவாள்மனைக்குத் தடவுவதுபோல் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவிவிட்டேன். வர்ணமும் ஒட்டாது, பிரேக்கும் பிடிக்காது என்று பட்டறைக்காரர் சதக் இப்போதுதான் சொன்னார். "இதுல கை வைக்காதீங்க அய்யா" என்ற நீ, காரணத்தையும் சொல்லியிருக்கலாகாதா? இருப்பினும் வருந்துகிறேன். பெட்ரோல் வாங்கச் செல்கிறேன். நானே துடைத்துத் தருகிறேன். சோறு உறியில் இருக்கிறது.

அய்யா

பி.கு.: படித்த மகன் ஓட்டும் வாடகைக் காரில் ஏறவே மாட்டேன் என்று நேற்றுச் சொன்னது கோபத்தில். அம்மாவை உத்தரகோசமங்கைக்கு அழைத்துப் போகும்போது எனக்கும் இடம் வை.