ரவுட்டரும் ஜாஸ்பினின் சம்மதமும்

ஆவூர்,
செவ்வாய்க்கிழமை.

என் ஆசை மகன் மெல்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஜாஸ்பினும் நல்ல சுகமாக இருக்கிறோம், அந்தக் குவைத்து வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. கையில் போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். மேலத்தெரு பிளெஸ்ஸி நர்ஸ் வேலைக்கு வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறாள், அவளிடம் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் அதிரசமும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். இதை நீ கடைசி வரி வரைக்கும் படித்தே ஆகவேண்டும். தம்பி, நம் ஜாஸ்பினுக்குக் கல்யாணம் கூடிவிட்டது!

ஓசூரில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் ஆல்பின் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அவரும் நம் பிள்ளை மாதிரியே பிறந்ததிலிருந்து காது கேட்காதவர், அப்பா கிடையாது, அம்மா ஜெபமாலை மட்டும்தான். இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று பேசிவைத்தோம். நீயும் நானும் பேசுவது போலவா அவர்கள் பேச்சு, கையும் முகமும் தெரிந்தால்தானே பேச்சு? கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் சாயங்காலம் அவர் வீடியோவில் கூப்பிடுவார். ஜாஸ்பினும் விராலிமலையில் தான் வேலை பார்க்கும் பிளெக்ஸ் போர்டு கடையிலிருந்து வந்து முகம் கழுவி, பூ வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பாள். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், இருட்டப் போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிடும். ரவுட்டரில் சிவப்பு லைட் எரியும். அப்புறம் விடிகிற வரைக்கும் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். காலையில் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். நம் தெருவில் செல்போன் சிக்னல் கிடைக்கிற லட்சணமும் நீ அறிந்ததுதான், எழுதி அனுப்பினால் போகும், வீடியோ அசையாது.

நீ போனில் சொன்னபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம், அதற்கு மேல் உனக்கு ஒரு வைத்தியமும் தெரியவில்லை. உன் அப்பா சும்மா இருப்பாரா? மினி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொள்வார். பீரோ மேல் வைத்தார், பிரிட்ஜ் மேல் வைத்தார், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டும் பார்த்தார். அடாப்டரை மாற்றினார். பின்னால் இருக்கிற ஓட்டையில் குண்டூசியை விட்டு அமுக்கி, பாஸ்வேர்டு முதற்கொண்டு எல்லாம் அழிந்துபோய் இரண்டு நாள் வீட்டில் நெட்டே இல்லாமல் கிடந்தது. கேபிள்காரர் மூக்கன் வந்து அதைச் சரிசெய்தார், வேறு ரவுட்டரும் மாட்டிப் பார்த்தார். அவர் வருவது பகலில், பகலில்தான் அது ஒழுங்காக எரியுமே, "ஆடிக்காத்துக்கு அப்படித்தாங்க்கா இருக்கும், ஒயரு ஆடும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு விட்டுவிட்டார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, காற்று பகலெல்லாம்தானே அடிக்கிறது?

அதற்குள் விஷயம் கைமீறிப் போனது. போன வாரத்துக்கு முந்தின வாரம் ஆல்பின் அவளிடம், இந்தக் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா, அம்மாவோடு இருக்கலாமா, தனி வீடு பார்க்கவா என்று கேட்டிருக்கிறார். நம் பிள்ளை மனசு நிறைந்து, சம்மதம், அம்மாவும் நம்மோடுதான் இருக்கவேண்டும், தனி வீடு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லத் தொடங்கியதுமே படம் விட்டு விட்டு வந்து, முடிக்கும்போது நின்றுவிட்டது. அதற்கு முன்னால் சொன்னது எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவள் கை "வேண்டாம்" என்று நின்ற அந்த ஒரு படம்தான்! அந்தப் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததோ. "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிட்டுக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். இவளோ, அம்மாவை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். நீதான் அவளை அறிவாயே, திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் அவளோடு யாரும் பேச முடியாது. நான் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன வியாழக்கிழமை ஜெபமாலை எனக்குப் போன் போட்டார். எடுத்ததும், "ஏங்க, ஒங்க பொண்ணுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? பேசிக்கிட்டு இருக்கையிலேயே தெனமும் கட் பண்ணுச்சு, கடைசியில வேண்டாம்னு கையக் காட்டிட்டு வச்சிருச்சு, எம்புள்ள மூணு வேளையும் சோறு திங்காம கெடக்கான்" என்று அழுகிறார். எனக்கு அப்போதுதான் நடந்தது விளங்கியது. ரவுட்டர் ரிப்பேருங்க என்று தலையால் அடித்துக்கொண்டு சொல்கிறேன், "எல்லாரும் சொல்றதுதாங்க இது" என்கிறார். விடாமல் கெஞ்சினேன். கடைசியில் மனசிறங்கி, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் ஊருக்கு வந்திருப்பான், ஒரே ஒரு தடவ பேசட்டும். அதுலயும் கட் ஆச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஜாஸ்பினிடம் சொன்னேன். எழுதி அனுப்பி விளக்கிவிடு என்றேன். அதற்கு அவள், எழுத்தில் என் முகம் தெரியுமா, அவர் நம்புவாரா, முகத்தைப் பார்த்தே சொல்கிறேன் என்று கையாலேயே என் வாயை அடைத்துவிட்டாள்.

இனிமேல்தான் கவனமாகப் படி. மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், பின்பக்கம் மயில் கத்தியது. சற்று நேரத்தில் தரை அதிர்கிறது, ரவுட்டரையே காவல் காத்துக்கொண்டிருந்த ஜாஸ்பின் என்னைக் கூப்பிடக் காலால் தட்டுவாள் அல்லவா, அதுதான். ஓடிப்போய்ப் பார்த்தால் சிவப்பு லைட். அப்போது என் மண்டையில் சுருக்கென்று உறைத்தது தம்பி! ஆல்பின் கூப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் மயில் கத்தியது, அப்புறம்தான் தரை அதிர்ந்தது. ஒரு நாள் தவறாமல் அப்படித்தான். மயில் கத்துவது எனக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது. லைட் மாறுவதை அவள் பார்ப்பாள், அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியாது. நம் ஊரில் மயிலை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள், கோழியைப் போலத்தானே திரிகிறது? சனிக்கிழமை அவளை ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் கொல்லையில் போய் நின்றேன். தோகை தரையில் இழுபட ஒரு கிழட்டு மயில் சுவரில் ஏறியது, ஒரு தரம் கத்தியது, தடதடவென்று பறந்து நம் வேப்பமரத்துக் கிளையில் போய் உட்கார்ந்தது. மூக்கன் கனெக்‌ஷன் கொடுத்தபோது ஒயர் தொங்குகிறதே என்று அந்தக் கிளையில்தான் ஒரு கட்டுக் கட்டியிருந்தார். மயிலின் பாரத்தில் கிளை தாழ்ந்தது, கட்டு இருக்கிற இடத்தில் ஒயர் அப்படியே மடங்கியது. நான் ஜன்னலைப் பார்க்கிறேன், ஜாஸ்பின் குதிக்கிறாள், சிவப்பு சிவப்பு என்று கை காட்டுகிறாள்! நான் மயிலைக் காட்டினேன். அவள் மயிலைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். இந்த உடம்பைத் தூக்கிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

மூக்கனுக்குப் போன் போட்டால் அவர் அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று குடுமியான்மலையில் இருக்கிறார், திங்கள்கிழமைதான் வருவாராம். "அதுக்குள்ள ஓடுறது கரண்டு இல்லக்கா, வெளிச்சம். ஒயரு மடங்குனா வெளிச்சம் போகாது. கட்ட மட்டும் அவுத்துட்டு, இழுக்காம மடக்காம தூக்கிப் பிடிச்சுக்கங்க, திங்கக்கெழம நான் வந்து வேற பக்கமா கொண்டுபோறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா ஏணி போட்டுக் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும் ஒயர் பின்தெருவில் தாழத் தொங்கியது, டிராக்டர் போனால் அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று ஒரு மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆல்பின் கூப்பிட்டார். நான் கொல்லை வாசலுக்கும் ஜன்னலுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். மயில் கத்தியது. வந்து அதே கிளையில் உட்கார்ந்தது, ஒயர்தான் அங்கே இல்லையே, லைட் பச்சை! அதே நேரம் பார்த்துக் காற்று வேறு சுழற்றி அடிக்க, கழி இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுகிறது. பாத்துங்க, பாத்துங்க என்று நான் கத்துகிறேன், உன் அப்பா மேலேயிருந்து, "நான் புடிச்சிருக்கேன்டி, நீ உள்ள போயி புள்ளயப் பாரு" என்கிறார்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஜாஸ்பின் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்! படம் நின்றதைப் பார்த்தவர் என்னிடம் இன்னொரு தடவை ஏன் கேட்கவில்லை, ஒரு வார்த்தையை எழுதிப்போட்டுவிட்டு ஓடிவிட்டால் சரியா என்று கண்ணில் நீர் வழிய வழியக் கேட்கிறாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, பயந்துவிட்டேன், தப்புத்தான் என்கிறார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். இவள் அவசரமே இல்லாமல் சொன்னாள்: சம்மதம், தனி வீடு வேண்டாம், அம்மா நம்மோடு இருக்கட்டும், ஓசூரிலும் நான் வேலைக்குப் போவேன், அதைத் தடுக்கக் கூடாது. அவர் அதைப் பக்கத்தில் இருந்த அம்மாவுக்குச் சொல்லியிருப்பார் போல, ஜெபமாலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படத்துக்குள் வந்தார். என்னைக் கூப்பிட்டு, "என்னைய விட்டுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேங்க. இந்தப் புள்ள எனக்குல்ல எடம் கேட்டிருக்கு!" என்றார். கட் ஆகவே இல்லை தம்பி, அவர்களாகத்தான் முடித்தார்கள். அப்பா கீழே இறங்கி வந்தபோது இரண்டு கையையும் தூக்க முடியவில்லை, நான்தான் சோறு ஊட்டினேன், ஜாஸ்பின் தைலம் தேய்த்துவிட்டாள். மூக்கன் நேற்று வந்து முன்பக்கமாக ஒயரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த பிறகு நம் கோயிலிலேயே கல்யாண மந்திரிப்பு, பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லிச் சாமியாரைப் பார்த்தோம். அவர், "பீடத்துக்கு முன்னாடி சம்மதம் சொல்றது கோயில்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கணுமே, ஒங்க புள்ள கையில சொல்றத யாராவது வாய்விட்டுச் சொல்லணும்" என்றார். நான் சொல்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். ஜாஸ்பின் என்னைப் பிடித்து இழுத்து, நீ அழுதுவிடுவாய், அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றாள். சாமியாரைப் பார்த்தும் கையால் சொன்னாள், நான்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன், அண்ணன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் பேச்சு அந்தக் குரலில்தான் கேட்கவேண்டும் என்று.

அதனால் இன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடு, நாளைக்கு என்று தள்ளாதே. வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக, மாதா உனக்கு முன்னால் நடப்பாளாக. அப்பாவின் ஆசீரும் தங்கையின் அன்பு முத்தமும்.

உன் வருகைக்கு வழிபார்த்திருக்கும் அம்மா,
ச. அருள்ராணி